புதிய கணினியின் 2 டிபி டிஸ்க்கைப் பாதுகாப்பாகப் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 11 நிறுவப்பட்டு வரும் புதிய கணினியை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் 'சி' என்ற ஒரே டிரைவ்தான் தென்படும். 2 டிபி டிஸ்க் முழுவதும் அந்த ஒன்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அலுவலகக் கோப்புகள், குடும்பப் புகைப்படங்கள், காணொளிகள் ஆகியவற்றை இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைக்க விரும்புபவர்கள் அந்த டிரைவைச் சுருக்கி, கிடைக்கும் இடத்தில் 'டி' என்ற இன்னொன்றை உருவாக்க வேண்டியிருக்கிறது. வேலை என்னவோ பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் எல்லையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டால், அதை நகர்த்துவது பத்து நிமிட வேலையாக இருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் காட்டிலும், அழுத்துவதற்கு முன் எதைப் பார்ப்பது, எதை முடிவு செய்வது என்பதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பிரிப்பதற்குப் புதிய கணினியே மிகப் பொருத்தமான நிலையில் இருக்கும். டிஸ்க்கின் பெரும்பகுதி காலியாக இருக்கும், இழப்பதற்குச் சொந்தக் கோப்புகள் எதுவும் இருக்காது, இடம்பெயர்க்க முடியாத இயங்குதளக் கோப்புகளும் டிரைவ் எங்கும் இன்னும் பரவியிருக்காது. ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு செய்தால் இதே வேலை பலமடங்கு சிரமமாகும்.

பிரிக்கத்தான் வேண்டுமா?

ஒரு டிஸ்க்கைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் பழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சி, டி, இ, எஃப் என்று நான்கு எழுத்துகள் இருந்தால்தான் அது ஒழுங்கான கணினி என்று கருதுபவர்கள் இன்றும் உண்டு. டாஸ், விண்டோஸ் 95 காலத்தில் ஃபேட்16 கோப்பு முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்ட முடியாது என்ற வரம்பு இருந்ததால், அதைவிடப் பெரிய டிஸ்க்கைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அந்த வரம்பு மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் பழக்கம் மட்டும் தொடர்கிறது.

இன்று பிரிப்பதற்கு உண்மையான காரணம் ஒன்றுதான் இருக்கிறது. விண்டோஸ் பழுதடைந்து, அதைச் சுத்தமாக மறுபடி நிறுவ வேண்டிய நாள் வந்தால், சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு டி டிரைவில் உள்ள கோப்புகளை அப்படியே விட்டுவைக்கலாம். வேகம் கூடும் என்பதற்காகப் பிரிக்க வேண்டாம். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வெளிவட்டத் தடங்கள் உள்வட்டத் தடங்களைவிட வேகமானவை என்பதால் முன்னால் உள்ள பார்ட்டிஷனுக்குச் சிறிது ஆதாயம் உண்டு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் அந்த ஆதாயமும் கிடையாது. பாதுகாப்புக்காகப் பிரிப்பது இன்னும் ஆபத்தான எண்ணம். சியும் டியும் ஒரே பொருளின் இரு பகுதிகளே என்பதால், டிஸ்க் செயலிழந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரலுக்கும் டி டிரைவ் ஒரு தடையல்ல. டி டிரைவில் நகல் வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் முதலில் வற்புறுத்துவது, வெளியே எடுத்து வைக்கக்கூடிய இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்க வேண்டும் என்பதைத்தான்.

உங்கள் கணினியில் இருப்பது 512 ஜிபியோ அதற்குக் குறைவான எஸ்எஸ்டியோ என்றால், என் கருத்தில் பிரிக்காமல் விடுவதே நல்லது. பிரித்தால் இரண்டு பக்கமும் இடம் போதாமல் போகும். 1 டிபிக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறக்கவும். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு நீண்ட பட்டையாகத் தெரியும். பெட்டியில் 2 டிபி என்று அச்சிட்டிருக்க, இங்கே ஏறத்தாழ 1863 ஜிபி என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டோமோ என்று ஐயுற வேண்டியதில்லை. உற்பத்தியாளர் ஒரு லட்சம் கோடி பைட்டை ஒரு டிபி என்று கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024 பைட், 1024 கேபி, 1024 எம்பி என்று பெருக்கிக்கொண்டு போகிறது. அளவு ஒன்றே, அளக்கும் கோல் வேறு.

அந்தப் பட்டையில் சி டிரைவ் மட்டும் இருக்காது. இடது ஓரத்தில் 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' இருக்கும். கணினியை இயக்கியவுடன் விண்டோஸைத் தேடி எழுப்பும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. அதை அழித்தால் மறுமுறை கணினி விண்டோஸுக்குள் வராது. அதையடுத்து 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஒரு பகுதி உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டுவதில்லை. வலது ஓரத்தில், சி டிரைவுக்குப் பின்னால், சில நூறு எம்பி முதல் 1 ஜிபிக்குச் சற்று மேல் வரை 'ரெக்கவரி பார்ட்டிஷன்' இருக்கும். விண்டோஸ் எழாத நாளில் பழுதுபார்க்கும் கருவிகள் அதிலிருந்துதான் வரும். சில உற்பத்தியாளர்கள் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதற்காக இன்னும் பெரிய ஒரு பகுதியையும் வைத்திருப்பார்கள்.

ரெக்கவரி பார்ட்டிஷனை 'வீணாகக் கிடக்கும் 1 ஜிபி' என்று எண்ணி அழித்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு, இந்தப் பகுதியில் 250 எம்பி காலியிடம் இல்லாத கணினிகளில் நிறுவப்பட மறுத்தது. அதைப் பெரிதாக்கும் வழிமுறையை மைக்ரோசாஃப்டே வெளியிட வேண்டியிருந்தது. 2 டிபி டிஸ்க்கில் 1 ஜிபியை மிச்சம் பிடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. பெயரில்லாத சிறு பகுதிகள் எதையும் தொடாதீர்கள்.

இந்தத் திரையை அப்படியே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். பிறகு ஏதேனும் குழப்பம் நேர்ந்தால், முன்பு எந்தப் பகுதி எங்கே எந்த அளவில் இருந்தது என்று சொல்லும் ஒரே சான்று அதுவாகத்தான் இருக்கும்.

பட்டையின் இடப்பக்கத்தில் உள்ள 'டிஸ்க் 0' என்ற பெயரின்மேல் வலது சொடுக்குச் செய்து 'பிராப்பர்டீஸ்', 'வால்யூம்ஸ்' என்று சென்றால், பார்ட்டிஷன் பாணி, அதாவது பகுதிகளின் அட்டவணையைப் பதிந்து வைக்கும் முறை, ஜிபிடியா எம்பிஆரா என்பது தெரியும். விண்டோஸ் 11 முன்பே நிறுவப்பட்டு வரும் கணினியில் அது ஜிபிடியாகவே இருக்கும். இந்த வேறுபாடு இரண்டாவது டிஸ்க் வாங்குபவர்களுக்கு மிக முக்கியமானது என்பதால் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

தொடும் முன் செய்ய வேண்டியவை

முதல் வேலை, டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைக் கைவசப்படுத்துவது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்த பல புதிய கணினிகளில், உரிமையாளர் எதையும் செய்யாமலேயே டிஸ்க் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கின் அமைப்பில் மாற்றம் நேர்ந்தால், அடுத்த முறை கணினி எழும்போது நீலத் திரையில் 48 இலக்கக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அந்த எண் இல்லையென்றால் கோப்புகளை எவராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பிரிவுக்குச் சென்று அந்த எண்ணைக் கண்டுபிடித்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும். கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். பிறகு பிட்லாக்கர் அமைப்புப் பக்கம் உங்கள் கணினியில் இருந்தால் 'சஸ்பெண்ட்' என்ற தெரிவின் மூலம் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். முழுவதுமாக நீக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவதாக, டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதியது என்பதற்காக இதைத் தவிர்க்கக் கூடாது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' வழியாக மேம்பட்ட அமைப்புகளுக்குச் சென்று டிஸ்க்கின் விவரங்களைத் திறந்தால், என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு எஞ்சியிருக்கும் ஆயுள், வெப்பநிலை ஆகியவற்றை விண்டோஸ் 11 காட்டும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச நிரல் உதவும். பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்கள் (தரவு எழுதப்படும் சிறு கட்டங்கள்), மாற்றக் காத்திருக்கும் செக்டார்கள் ஆகிய இரு வரிகளிலும் சுழியம் இருக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் அங்கே வேறு எண் இருந்தால், பிரிப்பதை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். பின்னர் சி டிரைவின் 'பிராப்பர்டீஸ்', 'டூல்ஸ்' பகுதியில் உள்ள 'செக்' பொத்தானை அழுத்திக் கோப்பு முறையில் பிழை இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளவும். பிழையுள்ள கோப்பு முறையைச் சுருக்குவது கூடாது.

மூன்றாவதாக, ஒரு மீட்பு யுஎஸ்பி தயாரிக்க வேண்டும். தேடல் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடினால் அதற்கான கருவி கிடைக்கும். இயங்குதளக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால் 32 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் போதுமானது. அதில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றைப் பயன்படுத்தவும். புதிய கணினியில் ஏற்கெனவே சில கோப்புகளைச் சேர்த்திருந்தால் அவற்றை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில் இரண்டு மூன்று கோப்புகளையாவது திறந்து பார்க்கவும். திறந்து பார்க்காத நகலை நகலாக எண்ண முடியாது.

வேலையைத் தொடங்கும்போது மடிக்கணினியை மின்னேற்றியில் இணைத்திருக்க வேண்டும். மேசைக் கணினியாக இருந்தால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். சொருகியுள்ள பென்டிரைவ், வெளி டிஸ்க் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிப்பதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நேரும் விபத்து. அந்த டிஸ்க் இணைக்கப்படாமலே இருந்தால் அந்த விபத்துக்கு வழியே இல்லை.

எல்லையை எங்கே போடுவது?

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். டிஸ்க்கை மேற்கிலிருந்து கிழக்காக நீளும் ஒரு வயலாக எண்ணிக்கொள்ளுங்கள். மேற்கே சி, கிழக்கே டி, நடுவே ஒரு வரப்பு. விண்டோஸின் சொந்தக் கருவி ஒரு பகுதியைச் சுருக்கும்போது எப்போதும் அதன் கிழக்கு ஓரத்திலிருந்தே வெட்டும். விரிக்கும்போதும் கிழக்கே ஒட்டியிருக்கும் காலி நிலத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும்.

இப்போது இரண்டு ஆண்டுகள் கழித்து சி நிரம்பிவிட்டது, டியில் ஏராளமான இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டியைச் சுருக்கினால் கிடைக்கும் காலியிடம் டியின் கிழக்கு ஓரத்தில் விழும். சி டிரைவுக்கும் அந்தக் காலியிடத்துக்கும் நடுவே டி முழுவதும் கிடக்கும். ஆகவே 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற தெரிவு சி டிரைவில் மங்கலாகவே இருக்கும். டியிலுள்ள அனைத்தையும் வெளியே எடுத்துவைத்து, டியையே அழித்தால்தான் சி வளர முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினரின் கணினியில் சி டிரைவுக்கு 100 ஜிபி போதும் என்று நான் பிரித்துக் கொடுத்தேன். இரண்டே ஆண்டுகளில் அது சிவப்பாக மாறியது. புதுப்பிப்புகள் நிறுவப்படாமல் நின்றன. டியில் 700 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் அதைச் சியில் சேர்க்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. அன்றிலிருந்து சிக்கு எவ்வளவு தேவை என்று தோன்றுகிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு ஒதுக்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். சியில் இடம் மிஞ்சினால் பின்னர் எளிதாகச் சுருக்கலாம். போதாமல் போனால் விரிப்பது கடினம். ஆகவே தவறு நேர்வதாக இருந்தால், சி பெரிதாக இருக்கும் தவறாகவே அது நேரட்டும்.

விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தபட்சம் 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது தொடக்கம் மட்டுமே. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் கணினி ஆழ்ந்து உறங்கும்போது நினைவகத்திலுள்ளதைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் கோப்பு மட்டும் இயல்பாக ரேமின் 40 விழுக்காட்டை, அதாவது 6 ஜிபிக்குச் சற்று மேல், எடுத்துக்கொள்ளும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ் கோப்பு, புதுப்பிப்புகளின் எச்சங்கள், ஒவ்வொரு நிரலும் பயனர் கோப்புறைக்குள் சேர்த்து வைக்கும் தரவு, கைப்பேசியின் காப்பு நகல்கள் எல்லாம் சியில்தான் குவிகின்றன. காணொளித் தொகுப்பு நிரல்கள், விளையாட்டுகள் ஆகியவை ஒவ்வொன்றும் பல பத்து ஜிபி கேட்பவை. எனவே 2 டிபி டிஸ்க்கில் சிக்கு 400 முதல் 500 ஜிபியும், 1 டிபி டிஸ்க்கில் 300 ஜிபியும் ஒதுக்குவதே என் பரிந்துரை.

சுருக்குதல்

டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவின்மேல் வலது சொடுக்குச் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். சிறிது நேரம் கணக்கிட்ட பிறகு நான்கு எண்கள் கொண்ட ஒரு பெட்டி தோன்றும். முதல் எண் இப்போதைய மொத்த அளவு, இரண்டாவது அதிகபட்சமாகச் சுருக்கக்கூடிய அளவு, மூன்றாவது நீங்கள் நிரப்ப வேண்டியது, நான்காவது சுருக்கிய பிறகு மிஞ்சும் அளவு. எல்லாமே எம்பியில் இருக்கும்.

பலரும் தவறுவது மூன்றாவது எண்ணில்தான். சி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அங்கே எழுதிவிடுகிறார்கள். அங்கே எழுத வேண்டியது சியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டிய அளவு. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். மொத்த அளவு 19,06,400 எம்பி என்று காட்டுகிறது, சிக்கு 400 ஜிபி வேண்டும். 400-ஐ 1024-ஆல் பெருக்கினால் 4,09,600 எம்பி. இதை மொத்தத்திலிருந்து கழித்தால் வரும் 14,96,800 என்பதே மூன்றாவது கட்டத்தில் எழுத வேண்டிய எண். எழுதியவுடன் நான்காவது கட்டத்தில் 4,09,600 தெரிகிறதா என்று பார்த்த பிறகே 'ஷ்ரிங்க்' பொத்தானை அழுத்தவும். திரை அசையாமல் நின்றதுபோல் தோன்றினாலும் காத்திருங்கள். நடுவில் கணினியை அணைப்பது மட்டும் கூடாது.

சில கணினிகளில், முக்கால்வாசி டிஸ்க் காலியாக இருந்தும், பாதியளவுக்கு மேல் சுருக்க முடியாது என்று விண்டோஸ் மறுக்கும். டிரைவின் பின்பகுதியில் எங்கோ ஒரு நகர்த்த முடியாத கோப்பு உட்கார்ந்திருப்பதே காரணம். எந்தக் கோப்பு என்பதை 'இவென்ட் வியூவர்' என்ற கருவியில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குச் சென்று, 259 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்தால் விண்டோஸே பெயர் சொல்லிக் காட்டும். பெரும்பாலும் அது ஹைபர்னேஷன் கோப்பாகவோ, பேஜ் கோப்பாகவோ, சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்த நிலையாகவோ இருக்கும்.

அப்போது செய்ய வேண்டியது இது. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையின் மூலம் ஹைபர்னேஷனை அணைக்கவும். 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' பக்கத்தில் சி டிரைவுக்கான பாதுகாப்பை நிறுத்தவும். இதனால் பழைய மீட்பு நிலைகள் அழியும் என்றாலும், புதிய கணினியில் அது இழப்பல்ல. மேம்பட்ட சிஸ்டம் அமைப்புகளில் 'வெர்ச்சுவல் மெமரி' பகுதிக்குச் சென்று பேஜ் கோப்பு வேண்டாம் என்று குறிப்பிடவும். கணினியை ஒருமுறை அணைத்து இயக்கி, மீண்டும் சுருக்க முயன்றால் முன்பைவிடப் பெரிய எண் கிடைக்கும். வேலை முடிந்ததும் இந்த மூன்றையும் பழைய நிலைக்குத் திருப்ப மறக்கக் கூடாது. பேஜ் கோப்பு இல்லாமல் கணினியை நீண்ட நாள் ஓட்டினால் பெரிய நிரல்கள் நினைவகம் போதாமல் திடீரென மூடிக்கொள்ளும்.

இடத்தை விடுவிக்க, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்மென்ட் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அது பயன் தரலாம். எஸ்எஸ்டியில் அதற்கென வேறு நிரல்களை நிறுவி அதை வீணாக எழுதி அழிக்க வேண்டாம். அதற்குத் தேவையான ட்ரிம் என்ற, அழித்த இடங்களைக் காலி செய்யும் பராமரிப்பை விண்டோஸ் தானாகவே செய்துகொள்கிறது.

புதிய டிரைவை உருவாக்குதல்

சுருக்கி முடித்ததும் சி டிரைவுக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனுக்கும் நடுவே கறுப்புப் பட்டையுடன் 'அன்அலோகேட்டட்' என்ற காலியிடம் தோன்றும். அதன்மேல் வலது சொடுக்குச் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வழிகாட்டித் திரை வரும். அளவை மாற்றாமல் விட்டால் முழு இடமும் பயன்படுத்தப்படும். டிரைவ் எழுத்தாக டியைக் கொடுக்கலாம். கோப்பு முறை என்டிஎஃப்எஸ், அலோகேஷன் அளவு 'டிஃபால்ட்', பெயர் உங்கள் விருப்பம். 'விரைவு ஃபார்மேட்' என்ற கட்டம் தேர்வில் இருக்கட்டும். இத்துடன் டி டிரைவ் தயார்.

பிறகு சி டிரைவில் உள்ள டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போன்ற கோப்புறைகளை டிக்கு இடம்மாற்றினால்தான் பிரித்ததன் பலன் கிடைக்கும். டியில் முதலில் அதே பெயரில் தனித்தனிக் கோப்புறைகளை உருவாக்கிக்கொண்டு, சியில் உள்ள கோப்புறையின் 'பிராப்பர்டீஸ்', 'லொகேஷன்' பகுதியில் 'மூவ்' பொத்தானை அழுத்தி அந்தந்தக் கோப்புறையைச் சுட்டவும். டாக்குமென்ட்ஸை எந்தக் கோப்புறையும் இல்லாமல் டி டிரைவின் வேர்ப்பகுதிக்கே திருப்பிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் டி டிரைவ் முழுவதுமே டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும், மறுபடி பிரித்தெடுப்பது பெரும் தொல்லை. பயனர் கோப்புறை முழுவதையும் தூக்கி டிக்கு மாற்றும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளில் அவை சிக்கல் தரும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

நிறுத்தி வைத்த பிட்லாக்கரை மீண்டும் இயக்கவும். கோப்பு உலாவியில் டி டிரைவின் சின்னத்தில் பூட்டு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டியில் உள்ளவை மறைகுறியாக்கம் இல்லாமல் இருக்கின்றன என்று பொருள். மடிக்கணினி தொலைந்தால் அவற்றை எவரும் படிக்கலாம். ஒருமுறை அணைத்து இயக்கி, எல்லாம் ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்த பிறகு கோப்புகளை நிரப்பத் தொடங்குங்கள்.

பின்னாளில் எல்லையை நகர்த்த நேர்ந்தால்

விண்டோஸ் மறுக்கும் வேலையைச் செய்துதர வேறு நிறுவனங்களின் பார்ட்டிஷன் நிரல்கள் பல உள்ளன. அவற்றால் டியின் மேற்கு எல்லையை நகர்த்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பகுதியின் தொடக்கத்தை நகர்த்த வேண்டுமானால், அதிலுள்ள தரவு முழுவதையும் எடுத்துப் புதிய இடத்தில் எழுதியாக வேண்டும். பல நூறு ஜிபி இடம்பெயரும் அந்தப் பல மணி நேரத்தில் ஒரு நொடி மின்சாரம் போனால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக டிரைவ் சிதைந்து நிற்கும். கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, டியை அழித்து, சியை விரித்து, மீதியில் டியை மீண்டும் உருவாக்கி, கோப்புகளைத் திரும்ப வைப்பது நேரம் பிடிக்கும் வழி என்றாலும், எந்தக் கட்டத்தில் மின்சாரம் போனாலும் ஒரு முழுப் பிரதி கையில் இருக்கும். எனக்கு அந்த வழியே உகந்தது.

டிஸ்க்கை 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றப் போவதாக விண்டோஸ் எச்சரித்தால், வேண்டாம் என்று பின்வாங்கிவிடுங்கள். ஒட்டாத காலியிடத்தைச் சேர்க்க முயலும்போது இந்த எச்சரிக்கை வரும். மைக்ரோசாஃப்ட் கைவிட்ட அமைப்பு அது. ஒருமுறை மாற்றினால் டிஸ்க்கிலுள்ள எல்லாவற்றையும் அழிக்காமல் விண்டோஸின் கருவியால் திரும்ப முடியாது.

இரண்டாவதாக 4 டிபி ஹார்டு டிஸ்க் பொருத்துபவர்களுக்கு

மேசைக் கணினியில் கூடுதலாக ஒரு பெரிய டிஸ்க் பொருத்தி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தவுடன், அதை 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லி எம்பிஆர், ஜிபிடி என்ற இரு தெரிவுகள் வரும். ஜிபிடியையே தேர்ந்தெடுக்க வேண்டும். 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் முறை செக்டார்களை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. ஒரு செக்டார் 512 பைட் என்றால், அந்த எண்ணால் எட்டக்கூடிய எல்லை 2048 ஜிபி. அதனால் 4 டிபி டிஸ்க்கை எம்பிஆரில் அமைத்தால் 2048 ஜிபி மட்டுமே பயன்படும், எஞ்சிய ஏறத்தாழ 1678 ஜிபி எதற்கும் உதவாத கறுப்புப் பட்டையாகக் கிடக்கும். எம்பிஆரில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது. விண்டோஸில் ஜிபிடிக்கு வரம்பு 128. பார்ட்டிஷன் அட்டவணையின் ஒரு பிரதியை ஜிபிடி டிஸ்க்கின் கடைசியிலும் எழுதி வைக்கிறது என்பதால், முன்பகுதி பழுதானாலும் மீட்க வழி உண்டு.

சுழலும் புதிய ஹார்டு டிஸ்க்கை, விரைவு ஃபார்மேட்டுக்குப் பதிலாக ஒருமுறை முழு ஃபார்மேட் செய்வது நல்லது. அது டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்க்கும் என்பதால், பழுதான இடங்கள் உத்தரவாதக் காலத்திலேயே தெரிந்துவிடும். 4 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் இது தேவையற்றது.

லினக்ஸையும் சேர்த்து நிறுவ விரும்பினால்

விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்கி, காலியிடத்தை எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள். லினக்ஸ் நிறுவி அதைப் பயன்படுத்திக்கொள்ளும். அதற்கு முன் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைக்க வேண்டும். அது இயங்கினால், அணைத்த பிறகும் கோப்பு முறை பாதி திறந்த நிலையிலேயே இருக்கும், லினக்ஸிலிருந்து எழுதுவது சேதத்தை உண்டாக்கும். பிற்பாடு லினக்ஸ் பக்கத்தைச் சுருக்க வேண்டியிருந்தால், இஎக்ஸ்டி4 கோப்பு முறையைப் பயன்பாட்டில் இல்லாதபோதுதான் சுருக்க முடியும் என்பதால் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் நிரல் இருக்கும், நிறுவாமலே லினக்ஸை இயக்கும் லைவ் யுஎஸ்பியிலிருந்து எழுப்பிச் செய்யவும்.

தவறு நேர்ந்துவிட்டால்

டி டிரைவைத் திறக்கும்போது 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்டால், 'கேன்சல்' என்பதையே அழுத்துங்கள். தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டீர்கள் என்றால், அந்த இடத்தில் புதிய பார்ட்டிஷன் எதையும் உருவாக்காமல், எதையும் எழுதாமல் அந்தக் கணமே நிறுத்துங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அழிந்தது அட்டவணையிலுள்ள ஒரு வரி மட்டுமே, கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து, 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச நிரலால் தேடினால், தொலைந்த பார்ட்டிஷனைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முதலில் எடுத்த கைப்பேசிப் படத்திலுள்ள அளவுகளோடு, நிரல் காட்டும் அளவுகள் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகே அட்டவணையில் எழுத அனுமதி கொடுங்கள். எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. ஃபார்மேட் செய்த இடங்களை ட்ரிம் கட்டளை விரைவிலேயே காலியாக்கிவிடுவதால், கணினியை உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோவதே செய்யக்கூடியது. அப்போது பிட்லாக்கரின் 48 இலக்க எண் எழுதிய தாளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.